செகண்ட் ஹேண்ட் காரில் தென்காசி வரை: வழியில் வண்டி நின்றால் சமாளிக்க என்ன வேண்டும்?

எட்டு வருடம் ஓடிய பெட்ரோல் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறீர்கள். தீபாவளிக்குச் சென்னையிலிருந்து தென்காசிக்கு முதல் முறையாகச் சொந்த வண்டியில் போகப் போகிறீர்கள். கூட வயதான அம்மா, இரண்டு பிள்ளைகள். வழியில் வண்டி நின்றுபோனால் சமாளிக்க எதையெல்லாம் வாங்கி வைக்க வேண்டும், ஆன்லைனில் விற்கிற 'எமர்ஜென்சி கிட்' பை ஒன்றை வாங்கிப் போட்டால் போதுமா என்பது உங்கள் கேள்வி.

அந்தப் பையை வாங்காதீர்கள். நான் பிரித்துப் பார்த்த பைகளில் எல்லாம் விசில், பொடி ஸ்க்ரூடிரைவர், பிளாஸ்டிக் மழைக்கோட்டு என்று எண்ணிக்கை காட்டத்தான் பொருள் இருந்தது. காசு போட வேண்டிய ஜம்பர் கேபிள் (இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்கிற வயர்) மட்டும் இயர்போன் வயர் மாதிரி மெல்லிசாக இருக்கும். உங்களுக்கு வேண்டியதில் பாதி ஏற்கெனவே டிக்கியின் அடியில் கிடக்கிறது. அது வேலை செய்கிற நிலையில் இருக்கிறதா, அதை எடுத்துப் பயன்படுத்த உங்களுக்குக் கை பழகியிருக்கிறதா, இந்த இரண்டையும் பார்த்துவிட்டு மீதியை வாங்கலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெறும் பஞ்சரால் சாவது அபூர்வம். பஞ்சர் ஆன வண்டியை ரோட்டில் நிறுத்திவிட்டு அதன் பின்னால் குனிந்து உட்கார்ந்திருப்பவரைத்தான் பின்னால் வருகிற வண்டி அடிக்கிறது. அதனால் பழுது பார்க்கிற சாமான்களுக்கு முன்னால், தூரத்திலிருந்தே நீங்கள் கண்ணுக்குத் தெரிவதற்கான சாமான்கள். அவை மலிவானவையும்கூட.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கார் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர் ஓடுகிறது. டிரைவர் உங்களைப் பார்த்து, சுதாரித்து, பிரேக்கில் காலை வைக்கவே ஒன்றரை நொடி ஆகும். அதிலேயே 40 மீட்டர் போச்சு. அப்புறம் வண்டி நிற்க இன்னும் ஐம்பது, அறுபது மீட்டர். லோடு ஏற்றிய லாரி என்றால் இதற்கும் மேலே. ஆக, சிவப்பு முக்கோணத்தை டிக்கிக்குப் பக்கத்தில் பத்தடியில் வைப்பதால் ஒரு பிரயோஜனமும் இல்லை. நாலு வழிச் சாலையில் 100 மீட்டர் பின்னால் வையுங்கள். உத்தேசமாக நூற்றிருபது, நூற்று முப்பது எட்டு. நடக்கும்போது ரோட்டை விட்டு இறங்கி மண்ணில் நடங்கள், முக்கோணத்தை நெஞ்சுக்கு முன்னால் வருகிற வண்டிகளைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு நடங்கள். வளைவு தாண்டி நின்றிருந்தால் முக்கோணம் வளைவுக்கு முன்னாலேயே இருக்க வேண்டும்.

புது வண்டியோடு முக்கோணம் கொடுத்திருப்பார்கள். உங்களுடையது கைமாறி வந்த வண்டி, அதனால் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் விரித்து நிறுத்திப் பாருங்கள். கால் மெலிந்த பிளாஸ்டிக் முக்கோணம் ஒரு கண்டெய்னர் லாரி கடந்து போகிற காற்றிலேயே குப்புற விழுந்துவிடும். அடியில் கனமான இரும்புக் கால் உள்ளதாக வாங்குங்கள்.

நம் ஊர் லாரிக்காரர்கள் வேப்பங்கொப்பை ஒடித்துப் பின்னால் போட்டு, வண்டியைச் சுற்றிக் கல் வைப்பார்கள். பகலில் கொப்பு நல்ல ஏற்பாடுதான், தூரத்திலேயே தெரியும். கல் மட்டும் வேண்டவே வேண்டாம். வண்டி கிளம்பிப் போன பிறகும் கல் அங்கேயே கிடக்கும். இருட்டில் பைக்கில் வருகிறவர் அதில் ஏறி விழுவார். சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கல்லையும் கிளம்பும்போது மறக்காமல் எடுத்து ஓரமாகப் போடுங்கள்.

அடுத்து, ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் இரண்டு. ரோடு போடுகிறவர்கள் மாட்டுவார்களே, அந்த ஒளிரும் பச்சை அல்லது ஆரஞ்சுச் சட்டை. சில நூறு ரூபாய்தான். அதை டிக்கியில் வைக்காதீர்கள். டிரைவர் கதவின் பையில் மடித்து வையுங்கள், இறங்கும்போதே மாட்டிக்கொண்டு இறங்கத்தான் அது. கூடவே தலையில் கட்டுகிற டார்ச் ஒன்று. செல்போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நட்டைத் தேடுகிற கூத்தை ஒருமுறை பார்த்தால் இது ஏன் என்று புரியும்.

சரி, வண்டி எங்கே நிற்கப் போகிறது என்பதும் ஓரளவு உங்கள் கையில்தான் இருக்கிறது. டயர் வெடித்தால் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, வேகம் தானாகக் குறைந்த பிறகு இடது ஓரம் வாருங்கள். காற்று இறங்கிய டயரோடு நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஊர்ந்து போய் ஒரு பெட்ரோல் பங்கிலோ, சர்வீஸ் ரோட்டிலோ, லாரிகள் நிறுத்துகிற ஒதுக்குப்புறத்திலோ நிறுத்தலாம். டயர் கெட்டுப்போகும், போகட்டும். மேம்பாலத்தின் மேல் நின்றால் எப்படியாவது பாலம் முடியும்வரை உருட்டிவிடுங்கள். நடுத்திட்டு ஓரமாக, வலது பக்கம் நிறுத்தவே கூடாது.

நின்றவுடன் எல்லோரும் இடது பக்கக் கதவு வழியாக இறங்க வேண்டும். டிரைவரும் முடிந்தால் அந்தப் பக்கமாகவே. அம்மாவையும் பிள்ளைகளையும் இரும்புத் தடுப்பைத் தாண்டி, வண்டிக்குக் கொஞ்சம் தள்ளி நிற்கவையுங்கள். "மழை தூறுதே, அம்மா உள்ளேயே உட்காரட்டும்" என்றுதான் தோன்றும். அதற்குத்தான் பெரிய குடை ஒன்று, மடக்கு ஸ்டூல் ஒன்று வைத்துக்கொள்ளச் சொல்வேன். எந்த 'கிட்' பட்டியலிலும் ஸ்டூல் இருக்காது. முட்டி வலிக்காரரைக் கூட்டிக்கொண்டு போகிறவருக்கு டூல் பாக்ஸைவிட அது அவசியம்.

தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033. இலவச எண். ரோந்து வண்டி, கிரேன், ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் இதுவே. அடிபட்டிருந்தால் 108, போலீஸ் உட்பட எல்லாவற்றுக்கும் 112. கூப்பிட்டதும் முதல் கேள்வி "எங்கே நிற்கிறீர்கள்?" என்பதுதான். "விழுப்புரம் தாண்டி" என்றால் அவர்களுக்குப் புரியாது. ஓரத்துக் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண், திருச்சி நோக்கிய பக்கமா சென்னை நோக்கிய பக்கமா, கடைசியாகத் தாண்டிய டோல்கேட் எது, இந்த மூன்றையும் சொல்லுங்கள். உங்கள் வழியில் கப்பலூர் வரை டோல்கேட் வரிசை இது: பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில் செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம், பூதக்குடி, சிட்டம்பட்டி, மதுரை தாண்டிக் கப்பலூர். ஃபாஸ்டேக் வந்த பிறகு ரசீது கையில் வருவதில்லை, அதனால் பெயரைக் கவனித்துக்கொள்ளும் வேலையைப் பின்சீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள்.

இனி ஸ்டெப்னி, அதாவது டிக்கியில் கிடக்கும் மாற்றுச் சக்கரம். இந்தப் பதிலில் ஒரே ஒரு வேலையைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்: ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டு வாசலில், ஒரு சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டிப் பாருங்கள். யூடியூபில் பார்த்தது கணக்கில் வராது.

டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கியதும் முதல் சோதனை தொடங்கும். செகண்ட் ஹேண்ட் வண்டியில் ஸ்டெப்னி இருக்கும் இடத்தில் பழைய டயர் ஒன்றைப் போட்டு, நல்லதை எடுத்துக்கொள்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. டயர் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 3517 என்றால் 2017-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம் செய்த டயர். ரோட்டையே தொடாத டயராக இருந்தாலும் ரப்பர் வயதாகும், ஓரத்தில் நுண்ணிய வெடிப்பு விழும். வண்டியோடு வந்த எட்டு வருட ஸ்டெப்னி என்றால் அது பக்கத்துப் பஞ்சர் கடைவரை மெதுவாகப் போய்ச் சேரத்தான். மதுரை வரை ஓட்ட அல்ல. புதிதாக வாங்கும் எண்ணம் இருந்தால், ஓடுகிற நாலில் சுமாரானதை ஸ்டெப்னியாக்கிவிட்டு, புதியவற்றை ஜோடியாக மாட்டுவது மேல்.

காற்று இருக்கிறதா என்று பாருங்கள். காத்து செக் பண்ணும்போது நாலு சக்கரத்தோடு நிறுத்திவிடுகிறோம். டிக்கியைத் திறந்து "அண்ணே, இதுக்கும்" என்று சொல்கிறவர் அபூர்வம். மாதத்துக்கு ஒரு பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) போலத் தானாகக் குறையும், வருடக்கணக்கில் பார்க்காமல் விட்டால் ஸ்டெப்னியே பஞ்சர் மாதிரிதான். ஓடும் டயருக்குச் சொன்ன அளவைவிட மூன்று, நாலு பிஎஸ்ஐ கூட வைத்துவிட்டால் கவலையில்லை. சில கார்களில் ஸ்டெப்னி மட்டும் அளவில் சின்னதாக, மெலிசாக இருக்கும். அதில் 80 என்று வேக வரம்பை ஒட்டியிருப்பார்கள். அதை மீறாதீர்கள்.

இப்போது கழற்றுவது. ஹேண்ட் பிரேக், முதல் கியர், கழற்றப் போகிற சக்கரத்துக்குக் குறுக்கு மூலையில் உள்ள சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல். அடுத்தது பலர் தலைகீழாகச் செய்வது: ஜாக்கி போட்டுத் தூக்குவதற்கு முன்னால், சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை ஒரு அரைச் சுற்றுத் தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு திருகினால் சக்கரம் சுற்றும், வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும்.

நட்டு தளர மறுக்கும். அங்கேதான் வாசலில் செய்து பார்ப்பதன் அருமை தெரியும். வீல் அலைன்மென்ட் கடைகளில் ஏர் கன்னை வைத்து 'டர்ர்' என்று இறுக்கிவிடுகிறார்கள். வண்டியோடு வருகிற வீல் ஸ்பேனரோ ஒரு முழம்கூட இருக்காது. கையால் எவ்வளவு அழுத்தினாலும் அசையாது. இரண்டடி நீள இரும்புக் குழாய், ஸ்பேனர் கைப்பிடி உள்ளே நுழைகிற அளவில், ஹார்ட்வேர் கடையில் வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். அதை மாட்டி நீட்டிவிட்டால் உங்கள் மனைவியோ, காலேஜ் படிக்கிற பையனோ யார் வேண்டுமானாலும் தளர்த்தலாம். இறுக்குவதற்கு அந்தக் குழாயைப் பயன்படுத்தாதீர்கள், மரை போய்விடும். அலாய் வீல் என்றால் ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு நட்டு மட்டும் வேறு வடிவத்தில் பூட்டு நட்டாக இருக்கலாம். அதற்குத் தனி அடாப்டர் உண்டு. அதை முந்தைய உரிமையாளர் கொடுத்தாரா? கொடுக்காவிட்டால் இப்போதே அந்த நட்டுகளைச் சாதாரண நட்டாக மாற்றிவிடுங்கள். உளுந்தூர்பேட்டையில் ராத்திரி பத்து மணிக்கு அதைக் கண்டுபிடிப்பதில் எந்தச் சுவாரசியமும் இல்லை.

ஜாக்கி வைக்கும் இடம் எங்கேயோ அல்ல. கதவுக்குக் கீழே ஓடுகிற தகட்டு விளிம்பில், முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னாலும் பின் சக்கரத்துக்குச் சற்று முன்னாலும் இரண்டிரண்டு வெட்டு இருக்கும், விரலால் தடவினாலே தெரியும். அந்த இரண்டு வெட்டுக்கும் நடுவில்தான் ஜாக்கியின் தலை உட்கார வேண்டும். மழை பெய்த சாலையோர மண்ணில் ஜாக்கி அப்படியே புதையும், அதனால் ஒரு சாண் அகலப் பலகை ஒன்று கூடவே இருக்கட்டும். தூக்கியதும் ஸ்டெப்னியை வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டுவிடுங்கள். ஜாக்கி சரிந்தாலும் வண்டி அதன் மேல் உட்காரும், உங்கள் கை கால் தப்பிக்கும். சக்கரத்தை மாற்றும்போது கழற்றியதை அதே இடத்தில் போட்டுவிட்டு இதை எடுங்கள். நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, எதிரெதிராக இறுக்க வேண்டும். வண்டியை இறக்கிய பிறகு மறுபடி ஒரு இறுக்கு. ஐம்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு டீக்கு நிறுத்தும்போது இன்னொரு முறை.

உங்கள் வண்டியில் ஸ்டெப்னியே இல்லையென்றால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம், சிஎன்ஜி மாட்டிய வண்டியாக இருக்கலாம். அதோடு, டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தம் காட்டுகிற கருவியும், பஞ்சர் ஒட்டும் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-இல் மத்திய மோட்டார் வாகன விதியைத் திருத்திவிட்டார்கள். புது மாடல்கள் பலவற்றில் அந்த இடம் காலிதான்.

உண்மையில் இன்றைய பஞ்சர்களில் பலவற்றுக்கு ஸ்டெப்னியைத் தொடவே வேண்டாம். டியூப்லெஸ்ஸில் ஆணி ஏறினால் காற்று மெதுவாகத்தான் இறங்கும். ஆணியைப் பிடுங்காதீர்கள், அதுதான் அடைப்பாக இருக்கிறது. 12 வோல்ட் ஏர் பம்ப் ஒன்று வைத்திருந்தால் காற்றை ஏற்றிக்கொண்டே அடுத்த பஞ்சர் கடைவரை போய்விடலாம். குழந்தையும் அம்மாவும் இறங்கக்கூட வேண்டியதில்லாத இடமாகப் பார்த்து, பெட்ரோல் பங்கிலேயே செய்யலாம். பணம் போட வேண்டிய பொருள் என்றால் என் பட்டியலில் இதுதான் முதலில். வாங்கினால் எஞ்சினை ஓடவிட்டு ஒரு முறை முழு டயருக்கு ஏற்றிப் பாருங்கள். மலிவான பம்புகள் பத்து நிமிடத்தில் சூடாகி நின்றுவிடும், கொஞ்சம் ஆறவிட்டுத்தான் தொடர வேண்டும். லைட்டர் சாக்கெட்டின் ஃப்யூஸும் எரியலாம். அந்த அளவு ஃப்யூஸ் இரண்டு கூடுதலாக வையுங்கள். 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. எரிந்ததற்குப் பதில் பெரிய ஆம்பியர் போடுவதும், சிகரெட் தாளை மடித்துச் செருகுவதும் வண்டியைக் கொளுத்திக்கொள்கிற வழி. ஸ்ட்ரிப் சொருகிப் பஞ்சர் ஒட்டுகிற செட்டும் சின்னதுதான், கை பழகினால் வைத்துக்கொள்ளலாம். டயரின் பக்கவாட்டில் கிழிந்திருந்தால் ஸ்ட்ரிப்பும் பம்பும் உதவாது.

பேட்டரிக்கு வருவோம். நம் வெயிலுக்குப் பேட்டரி மூன்று, நாலு வருடம் உழைத்தால் நல்லது. மேலே ஸ்டிக்கரில் தேதி இருக்கும், பாருங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் செல்ஃப் மோட்டார் இழுத்து இழுத்துச் சுற்றினால் அது முன்னறிவிப்பு. பேட்டரி கடையில் லோடு டெஸ்ட் பண்ணிக் காட்டச் சொல்லுங்கள். எஞ்சினை அணைத்து ஒரு ராத்திரி நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதி. எஞ்சின் ஓடும்போது 14-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரைப் பார்க்க வேண்டும். சந்தேகமாக இருக்கும் பேட்டரியை நம்பி ஜம்பர் கேபிள் வாங்குவதைவிட, புது பேட்டரியை ஊருக்குப் போகும் முன்னாலேயே வாங்கிவிடுவது புத்திசாலித்தனம். எப்படியும் அடுத்த மாதம் வாங்கத்தானே போகிறீர்கள்.

ஆனால் வழியில் 'டக் டக்' என்ற சத்தத்தோடு செல்ஃப் எடுக்கவில்லை என்றால் உடனே பேட்டரி போச்சு என்று முடிவு கட்ட வேண்டாம். பானெட்டைத் திறந்து பேட்டரி டெர்மினலை (வயர் மாட்டியிருக்கும் முனையை) விரலால் பிடித்துத் திருகிப் பாருங்கள். ஆடினால் அதுதான் வியாதி. பெரும்பாலான கார்களில் 10 எம்எம் ஸ்பேனர் ஒன்று போதும், அரைச் சுற்றில் வண்டி எடுத்துவிடும். வெள்ளையாகப் பூத்திருந்தால் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, இறுக்குங்கள். இதற்குப் போய் டோயிங் வண்டிக்குப் பணம் கொடுத்தவர்கள் நிறையப் பேர்.

ஜம்பர் கேபிள் வாங்கினால் தடிமனான செம்புக் கம்பி, இரண்டரை மீட்டருக்குக் குறையாமல். மாட்டும் வரிசை: சிவப்பு உங்கள் பேட்டரியின் பிளஸ்ஸில், சிவப்பின் மறுமுனை உதவிக்கு வந்த வண்டியின் பிளஸ்ஸில், கறுப்பு அந்த வண்டியின் மைனஸில், கறுப்பின் மறுமுனை உங்கள் எஞ்சினின் பெயின்ட் இல்லாத இரும்பில். உங்கள் பேட்டரியின் மைனஸில் நேரே வைக்காததற்குக் காரணம், கடைசி இணைப்பில் பொறி பறக்கும், பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசிந்துகொண்டிருக்கலாம். கழற்றும்போது இதையே தலைகீழாக. தள்ளி ஸ்டார்ட் பண்ணுவது மேனுவல் கியர் வண்டியில் மட்டும், இரண்டாவது கியரில். ஆட்டோமேட்டிக்கைத் தள்ளினால் உங்களுக்கு மூச்சிரைக்கும், அவ்வளவுதான்.

சூடேறுவது எட்டு வருட வண்டிக்கு உள்ள நிஜமான ஆபத்து. கிளம்புவதற்கு முன் ஒரு சோதனை: வண்டியை ஐடிலில் ஓடவிட்டு ஏசி போட்டு, பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். ஹைவேயில் காற்றடிப்பதால் ஃபேன் செத்திருப்பதே தெரியாது. டோல்கேட் வரிசையில் ஊர்ந்து நிற்கும்போதுதான் எஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள் ஏறும். தீபாவளிக்கு முந்தின ராத்திரி பரனூரில் எப்படி நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். ரப்பர் ஹோஸ்களை எஞ்சின் ஆறிய பிறகு அமுக்கிப் பாருங்கள். ஊதிப்போயிருந்தாலோ மொறுமொறுவென்று இருந்தாலோ மாற்றிவிடுங்கள். பெல்ட்டையும் அப்படியே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

முள் ஏறத் தொடங்கினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஃபேனை உச்சத்தில் வையுங்கள். உள்ளே வெந்துபோகும்தான், ஆனால் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர், எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் இழுத்துவிடும். அதற்குள் ஒதுங்கி அணைத்துவிடுங்கள். சில கார்களில் முள்ளே கிடையாது, சிவப்பு விளக்கு மட்டும். அது எரிந்தால் யோசிக்க நேரமில்லை, நிறுத்த வேண்டியதுதான். ரேடியேட்டர் மூடியை உடனே திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரிக்கு மேலே போயிருக்கும், திறந்ததும் முகத்தில் அடிக்கும். முக்கால் மணி நேரமாவது பொறுங்கள். ஈரத்துணி போட்டுக் கால் சுற்றுத் திருகி, 'உஸ்' என்று கேட்டால் நிறுத்துங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்; கொதிக்கிற எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டில் விரிசல் விழும். அவசரத்துக்கு வெறும் தண்ணீர் போதும், ஊர் போய்ச் சேர்ந்ததும் கூலன்ட் மாற்றிக்கொள்ளலாம். இதற்காக இரண்டு லிட்டர் கேன் ஒன்று, குடிக்கிற தண்ணீரோடு சேராமல், தனியாக இருக்கட்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் போகிறீர்கள் என்பதால் மழையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது விழுப்புரத்துக்குப் பக்கத்தில் அரசூரில் மலட்டாற்று வெள்ளம் ஏறிச் சென்னை – திருச்சி நெடுஞ்சாலையே துண்டிக்கப்பட்டு, வண்டிகள் மணிக்கணக்கில் நின்றன. நாலு வழிச் சாலைதானே, எங்கே நின்றாலும் ஹோட்டல் இருக்கும் என்று நம்ப முடியாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், பிள்ளைகளுக்குப் பிஸ்கட், கடலை மிட்டாய், அம்மாவின் மாத்திரை இரண்டு நாள் கூடுதலாக, ஒரு போர்வை, பழைய துண்டு. பெட்ரோலைப் பாதிக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். இன்சுலின் போடுகிறவராக இருந்தால் அது நிறுத்திய காருக்குள் கிடக்கக் கூடாது, இறங்கும்போது கூடவே வர வேண்டும்.

ரோட்டில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் இறங்காதீர்கள். முழங்காலுக்குக் கீழே ஓடுகிற தண்ணீரே சின்னக் காரைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். தேங்கின தண்ணீரில் வண்டி அணைந்துவிட்டால் மறுபடி ஸ்டார்ட் பண்ணவே கூடாது. காற்று போகிற வழியில் தண்ணீர் புகுந்திருக்கும், சாவியைத் திருப்பினால் பிஸ்டன் அந்தத் தண்ணீரை அமுக்கப் பார்த்து கனெக்டிங் ராடு வளையும். எஞ்சினைப் பிரிக்கிற செலவு. எஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆன் இல்லாத பாலிசியில் அதற்குப் பணம் வாங்குவது பெரும்பாடு.

இன்சூரன்ஸ் என்றதும் நினைவுக்கு வருகிறது, செகண்ட் ஹேண்ட் வண்டிக்காரர்கள் கோட்டைவிடும் இடம் இது. ஆர்சி உங்கள் பெயருக்கு மாறினால் பாலிசி தானாக மாறாது. வாங்கிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய உரிமையாளர் பெயரில் இருக்கும்வரை உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கு ஒன்றும் கிடைக்காது, வழியில் உதவி கேட்டாலும் இழுத்தடிப்பார்கள். மாற்றும்போதே ரோடு சைடு அசிஸ்டன்ஸ் சேர்த்துக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்தான். எத்தனை கிலோமீட்டர் வரை இலவசமாக டோ பண்ணுவார்கள் என்று படித்துப் பாருங்கள், அவர்களுடைய எண்ணைக் குடும்பத்தில் இரண்டு போனிலாவது பதிந்து வையுங்கள். ஆர்சி, லைசென்ஸ் எல்லாம் டிஜிலாக்கரில் இருந்தால் போதும்.

டோ பண்ண வேண்டி வந்தால் ஆட்டோமேட்டிக், எலெக்ட்ரிக் வண்டிகளுக்கு நாலு சக்கரமும் மேலே ஏறுகிற பிளாட்பெட் லாரிதான். தனியார் ரெக்கவரி வண்டி என்றால் எங்கே இறக்குவது, மொத்தம் எவ்வளவு என்று ஏற்றுவதற்கு முன்னாலேயே பேசி முடியுங்கள். டூல் கிட்டில் கொக்கி ஒன்று திருகு மரையோடு இருக்கும். பம்பரில் சின்ன மூடியைப் பெயர்த்து அதில் மாட்டுவது. வீட்டு வாசல் பயிற்சியில் அதையும் ஒரு முறை மாட்டிப் பாருங்கள், இல்லாவிட்டால் கயிற்றை பம்பரில் கட்டி அதையும் பிய்த்துக்கொள்வீர்கள்.

தீயணைப்பான்: ஒரு கிலோ ஏபிசி பவுடர், முள் பச்சையில் இருப்பதாக, முன்சீட்டுக்கு அடியில் கிளாம்ப் போட்டு. பானெட்டிலிருந்து புகை வந்தால் முழுதாகத் திறக்காதீர்கள், உள்ளே காற்று போனால் தீ எழும்பும். எல்லோரும் இறங்கித் தள்ளிப் போன பிறகுதான் அணைக்கிற முயற்சி, அதுவும் சின்னத் தீயாக இருந்தால்.

வைக்கக் கூடாதவையும் உண்டு. கேனில் பெட்ரோல் கூடாது. பவர் பேங்க், லைட்டர், ஸ்ப்ரே டப்பா எதையும் வெயிலில் நிறுத்திய வண்டியின் டேஷ்போர்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். கோடையில் அந்த இடம் 60 டிகிரியைத் தாண்டும்.

பேக்கிங் பண்ணும்போது பெரும்பாலோர் செய்வது ஒன்று: ஸ்டெப்னிக்கு மேலே தீபாவளிப் பலகாரம், துணி மூட்டை, பட்டாசுப் பை என்று கூரை வரை அடுக்குவது. பட்டாசைக் காரில் ஏற்றவே வேண்டாம், தென்காசியில் கிடைக்கும்; சிவகாசியே பக்கம். முக்கோணம், டார்ச், ஏர் பம்ப், பலகை, குழாய், 10 எம்எம் ஸ்பேனர், கையுறை எல்லாவற்றையும் ஒரே துணிப்பையில் போட்டு, டிக்கிக் கதவைத் திறந்ததும் கைக்கு எட்டுகிற ஓரத்தில், மற்ற மூட்டைகளுக்கு முன்னால் வையுங்கள்.

புறப்படும் நேரத்தைப் பொறுத்தவரை, அதிகாலையில் கிளம்பி, மதுரை தாண்டுவதை வெளிச்சத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். திருமங்கலத்தில் பிரிந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகப் போகிற பகுதி எல்லா இடத்திலும் நாலு வழிச் சாலை மாதிரி இருக்காது; ஒதுங்கி நிற்க இடமும் குறைவு, இரவில் பஞ்சர் கடைகளும் குறைவு. வண்டியை மெக்கானிக்கிடம் காட்டுவதைத் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னாலேயே முடித்துவிடுங்கள். பேட்டரி, ஹோஸ், பெல்ட் மாற்றினால் அதன் பிறகு ஒரு வாரமாவது ஊருக்குள் ஓட்டிப் பார்க்க நேரம் இருக்கும், ஏதாவது கசிந்தால் திரும்பப் போய்க் காட்டவும் பட்டறை திறந்திருக்கும்.